பிழைச்செய்தியை மாற்றும் பேட்சில் டெஸ்டும் மாறியிருந்தால் எப்படி ரிவியூ செய்கிறீர்கள்?

வடலி:

எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய மென்பொருள் குழுவில் வேலை செய்கிறேன். கிட்டுக்கு (நிரலின் பதிப்புகளைப் பேணும் கருவி) மேலே நாங்களே எழுதிப் பாவிக்கிற ஷெல் கருவி ஒன்று உண்டு. வாடிக்கையாளரின் ரெப்போவிலிருந்து (நிரல் இருக்கும் களஞ்சியம்) நாங்கள் சொல்லும் பிராஞ்சை (நிரலின் ஒரு கிளை) எடுத்து, சில விஷயங்களைச் சரிபார்த்து, வெளியீட்டுக்குப் போகும் பிராஞ்சோடு சேர்க்கும். டெஸ்டுகள் ஷார்னெஸில் இருக்கின்றன. கிட்டின் டெஸ்ட் நூலகத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான் ஷார்னெஸ் என்பதால், கிட் நிரலைப் பார்த்தவர்களுக்குக் கீழே வரும் பெயர்கள் தெரிந்திருக்கும்.

இந்தக் கிழமை எனக்கு ஒரு பேட்ச் (நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு) ரிவியூவுக்கு வந்தது. தலைப்பு "பிழைச்செய்திகளைத் தெளிவாக்கல்". நிரலில் மாற்றம் கொஞ்சம்தான், டெஸ்ட் கோப்புகளில் நிறைய. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். கேட்ட பிராஞ்சை எடுக்க முடியாவிட்டால் முன்பு "பிராஞ்ச் கிடைக்கவில்லை" என்று வரும். இப்போது "பிழை: 'வெளியீடு-2' என்ற பிராஞ்ச் தொலைவு ரெப்போவில் இல்லை" என்று வருகிறது. செய்தி நல்ல வடிவாக இருக்கிறது, பெயரும் தெரிகிறது.

ஆனால் டெஸ்ட்? முன்பு பிழை வெளியீட்டில் "கிடைக்கவில்லை" என்று தேடினோம். புதியதில் "பிழை:" என்று மட்டும் தேடுகிறது. இன்னோர் இடத்தில், கட்டளை விழ வேண்டும் என்று சொல்லும் டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் இருந்த வரியில் வெறும் ஆச்சரியக்குறி நிற்கிறது. ஓட்டினால் எல்லாம் பச்சை, அதாவது தேறுகிறது. குழுவில் மற்றவர்கள் "செய்திதானே, ஓகே போட்டுவிடு" என்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எது பிழை என்று சுட்டிக்காட்டவும் தெரியவில்லை. இப்படி ஒன்று வந்தால் நீங்கள் எங்கிருந்து பார்க்கத் தொடங்குவீர்கள்?

கிடுகுவேலி:

ஓகே போடாதீர்கள் தங்கச்சி. உங்கள் மனம் சொன்னது சரி.

நான் முதலில் செய்வது இதுதான்: புதிய டெஸ்டைப் பழைய நிரலோடு ஓட்டிப் பார்ப்பேன். பேட்சை எடுத்துக்கொண்டு, கிட் செக்கவுட் கட்டளைக்கு முந்தைய கமிட்டையும் (கிட்டில் பதிந்த நிலையையும்) நிரல் இருக்கும் அடைவையும் கொடுத்தால், நிரல் மட்டும் பழையதாகும், டெஸ்ட் கோப்புகள் புதியதாகவே நிற்கும். இப்போது ஓட்டுங்கள். செய்தி மாறியதைச் சோதிக்கிற டெஸ்ட் என்றால் அது பழைய நிரலில் விழ வேண்டும். விழாவிட்டால் அந்த டெஸ்டுக்கும் அந்தப் பேட்சுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது அந்த ஆச்சரியக்குறி. பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் எனக்கு மெத்தக் கோபம் வருகிற இடம் அது. ஷெல்லில் ஆச்சரியக்குறி போட்டால் கட்டளை எந்தக் காரணத்தால் விழுந்தாலும் டெஸ்ட் வெற்றிதான். நிரல் நினைவகத்தைத் தாறுமாறாகத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட்டில் செத்தாலும் வெற்றி. கட்டளைப் பெயரில் எழுத்துப்பிழை விட்டு, அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஷெல் 127 திருப்பினாலும் வெற்றி. டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் இந்த இரண்டையும் ஏற்காது. சிக்னலால் செத்ததை வேறு, கட்டளை தானே பார்த்து "முடியாது" என்று சொன்னதை வேறு என்று பிரிக்கத்தான் அதை எழுதினார்கள். கிட்டின் டெஸ்ட் அடைவில் இருக்கும் ரீட்மீயிலும் இது இருக்கிறது: கிட் கட்டளை விழ வேண்டும் என்றால் டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில், கிரெப் (உரையில் சொல் தேடும் கட்டளை) போன்ற மற்றக் கட்டளைகளுக்கு ஆச்சரியக்குறி போதும்.

முதலாவதைச் செய்து பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

வடலி:

செய்தேன் அண்ணா. பழைய நிரலிலும் பச்சைதான். பழைய செய்தியும் "பிழை:" என்றுதான் தொடங்குகிறது, நான் அதைக் கவனிக்கவில்லை.

பிறகு வேறொன்றும் செய்தேன். எங்கள் டெஸ்டில் ரிமோட்டாக (தொலைவு ரெப்போவாக) இருப்பது அதே கணினியில் உருவாக்கும் ஒரு வெற்று ரெப்போ. அதன் பாதையில் ஓர் எழுத்தைக் கெடுத்துவிட்டு, பேட்சின் நிரலையும் டெஸ்டையும் ஓட்டினேன். அப்போதும் பச்சை. அதாவது ரெப்போவையே எட்ட முடியாத நேரத்திலும் எங்கள் கருவி "'வெளியீடு-2' என்ற பிராஞ்ச் தொலைவு ரெப்போவில் இல்லை" என்று சொல்கிறது, டெஸ்டும் சரி என்று தலையாட்டுகிறது.

நிரலைப் போய்ப் பார்த்தேன். கிட் ஃபெட்ச் (ரிமோட்டிலிருந்து எடுக்கும் கட்டளை) விழுந்தால் உடனே இந்தச் செய்தி, அவ்வளவுதான். ஏன் விழுந்தது என்று எங்கேயும் பார்க்கவில்லை.

கிடுகுவேலி:

இதுதான் விஷயம். பழைய செய்தி மொட்டையாக இருந்தது, ஆனால் பொய் சொல்லவில்லை. பிராஞ்ச் இல்லாவிட்டாலும், லைன் அறுந்தாலும், "கிடைக்கவில்லை" என்பது உண்மை. புதிய செய்தி ஒரு காரணத்தைத் திட்டமாகச் சொல்கிறது. காரணத்தைச் சொன்னால் அந்தக் காரணத்தை நிரல் பார்த்து அறிந்திருக்க வேண்டும், அதை டெஸ்ட் காட்ட வேண்டும். இங்கே செய்தி இறுகியிருக்கிறது, டெஸ்ட் தளர்ந்திருக்கிறது. இரண்டும் எதிர்த் திசையில் போகிற பேட்சை நான் ஒருபோதும் விடமாட்டேன்.

கட்டளை முடியும்போது திருப்பும் வெளியேறும் எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாமே என்று நினைப்பீர்கள், ஃபெட்ச்சில் அது சரிவராது. இல்லாத பிராஞ்சைக் கேட்டாலும் ஃபேட்டல் என்று தொடங்கும் செய்தி, எண் 128. ரெப்போவை எட்ட முடியாவிட்டாலும் ஃபேட்டல், அதே 128.

ஆடிக்கூழ்:

நடுவில் வருகிறேன். நான் சேர்வர் பக்கம் வேலை செய்பவன், நிரல் எழுதுவது குறைவு. இந்தச் செய்தியை ராத்திரியில் வாசிக்கிற ஆட்களில் ஒருவன்.

டொரோன்டோவில் இருக்கிற வாடிக்கையாளருக்குப் பகல் என்றால் எங்களுக்கு இரவு. இரவு லைன் அறுந்து இப்படி ஒரு செய்தி வந்தால் நான் என்ன செய்வேன்? "உங்கள் பிராஞ்ச் இல்லை, யார் அழித்தது" என்று அவர்களுக்கு எழுதுவேன். அவர்கள் தங்கள் ஆட்களை எழுப்பித் தேடுவார்கள். கடைசியில் எங்கள் ரவுட்டர். வடலி தங்கச்சி இதை நிறுத்திப் பிடித்தது பெரிய உதவி.

கருவிகளும் செய்தியை வாசிக்கின்றன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிட் புல் செய்தால் புதிதாக ஒன்றும் இல்லாதபோது வருகிற "ஆல்ரெடி அப்-டு-டேட்" செய்தியில் முன்பு சொற்களுக்கிடையே சிறுகோடு இருந்தது. 2017இல் வந்த கிட் 2.15இல் அந்தக் கோடுகளை எடுத்துவிட்டார்கள். இலக்கணப்படி சரியான மாற்றம். நான் பொறுப்பெடுத்த ஒரு நிறுவனத்தில், கோட்டோடு இருக்கும் அந்த வரியைத் தேடி, அது இருந்தால் பில்ட் வேண்டாம் என்று விடுகிற ஸ்கிரிப்ட் இருந்தது. கிட்டைப் புதுப்பித்ததும் மாற்றமே இல்லாத நேரங்களிலும் பில்ட் ஓடத் தொடங்கிவிட்டது. சத்தமே இல்லை, சிவப்பு இல்லை, வட்டு நிறைந்த பிறகுதான் தெரிந்தது. புல்லுக்கு முன்னும் பின்னும் ஹெட்டின் ஹாஷை (அப்போதைய கமிட்டின் அடையாளத்தை) ரெவ்-பார்ஸால் எடுத்து ஒப்பிடும்படி மாற்றினோம். இத்தனைக்கும் கிட் புஷ் சொல்லுகிற "எவ்ரிதிங் அப்-டு-டேட்" இன்னமும் கோட்டோடுதான் வருகிறது.

செம்பாட்டுமண்:

நான் தரச்சோதனைப் பக்கம். ஒரு விஷயத்தில் கிடுகுவேலி அண்ணை இன்னும் ஒரு படி போக வேண்டும் என்று நினைக்கிறேன். கிரெப் வைத்துத் துண்டு தேடுவதே இந்த நோய்க்கு மூலம். முழு வெளியீட்டையும் எதிர்பார்த்த கோப்போடு டெஸ்ட்_சிஎம்பி வைத்து வரிக்கு வரி ஒப்பிட்டால், "பிழை:" என்று தளர்த்த வழியே இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. செய்தியோடு வேண்டாத எச்சரிக்கை ஒன்று புதிதாகச் சேர்ந்து வந்தாலும் பிடித்துவிடும். கிரெப்புக்கு அது தெரியாது. ரிவியூ செய்பவருக்கும் வசதி: டிஃப்பில் பழைய செய்தியும் புதிய செய்தியும் மேலும் கீழுமாக முழுசாக நிற்கும்.

கிடுகுவேலி:

செம்பாட்டுமண் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கிட்டிலேயே இரண்டும் பாவிக்கிறார்கள். முழு ஒப்பீடு வேலை செய்ய வேண்டும் என்றால் சூழலை முதலில் கட்டிப்போட வேண்டும், அதைக் கிட் எவ்வளவு கவனமாகச் செய்கிறது என்று பாருங்கள். டெஸ்ட் நூலகம் மொழியை சி லொகேலுக்கு மாற்றிவிடும், நேர வலயத்தை யூடிசி ஆக்கிவிடும். கமிட் செய்பவர்களின் பெயர்கூட நிலையானது: எழுதியவர் ஏ யூ தோர், சேர்த்தவர் சி ஓ மிட்டர். திகதிக்கு டெஸ்ட்_டிக் என்று ஒன்று உண்டு. அது 1112911993 என்ற எண்ணில் தொடங்கி, அழைக்கும்போதெல்லாம் 60 வினாடி கூட்டும். அந்த எண் 2005 ஏப்ரல் 7, கிட்டின் முதல் கமிட்டில் பதிந்திருக்கும் அதே வினாடி. (எங்கள் மணிக்கூட்டில் அது ஏப்ரல் 8 அதிகாலை நான்கு மணி தாண்டிய நேரம். அந்தக் காலத்தில் இலங்கை நேரம் யூடிசிக்கு ஆறு மணித்தியாலம் முன்னே இருந்தது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. ஊர் நேரத்தை நம்பி எழுதிய டெஸ்டுக்கு இது ஒன்றே போதும்.)

ஆனால் பிழைச்செய்திகளில் கட்டிப்போட முடியாத ஒரு பகுதி உண்டு. கோப்பு இல்லை, அனுமதி இல்லை என்கிற வால் பகுதி இயங்குதளத்தின் நூலகத்திலிருந்து வருவது. லினக்ஸில் ஒரு மாதிரி, வேறு இடத்தில் வேறு மாதிரி இருக்கலாம். எங்கள் கருவியின் வரியோடு கிட்டின் சொந்த வரியும் சேர்ந்தே பிழை வெளியீட்டில் வரும், அதைக் கிட் எந்தப் பதிப்பிலும் மாற்றலாம். அதை முழுசாக ஒப்பிட்டால் கிட்டைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் டெஸ்ட் சிவக்கும். சிவந்ததைப் பச்சையாக்க எதிர்பார்ப்புக் கோப்பைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிற பழக்கம் வந்துவிடும். அந்தப் பழக்கம் வந்த குழுவில் டெஸ்ட் இருந்தும் இல்லாததும் ஒன்று.

அதனால் என் வழக்கம்: நாங்களே எழுதிய வரியை முழுசாகப் பார்ப்பேன். பிறர் எழுதியதில் பொருளைச் சுமக்கிற துண்டை மட்டும் தேடுவேன். இந்தப் பேட்சில் அந்தத் துண்டு பிராஞ்சின் பெயரும் "தொலைவு ரெப்போவில் இல்லை" என்பதும். "பிழை:" எந்தப் பொருளையும் சுமக்கவில்லை.

பலாலிவீதி:

நான் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறேன், இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசிக்கிறேன். ஆடிக்கூழ் அண்ணா சொன்னதைப் பார்த்தால் பிழைச்செய்தியை மாற்றவே கூடாது போல இருக்கிறதே? யாராவது எங்கேயாவது அதைத் தேடிக்கொண்டுதானே இருப்பார்கள்?

கிடுகுவேலி:

இல்லைத் தம்பி, மாற்றலாம், மாற்றவும் வேண்டும். மனிதருக்கு எது, கருவிக்கு எது என்று பிரித்து வைப்பதுதான் வழி. கிட் ஸ்டேட்டஸ் வெளியீட்டின் வசனங்கள் எந்தப் பதிப்பிலும் மாறலாம். அதற்கே போர்சிலின் என்ற தெரிவைக் கொடுத்தால் வருகிற வடிவம் பதிப்புக்குப் பதிப்பு மாறாது என்று கையேட்டிலேயே உறுதி கொடுத்திருக்கிறார்கள். ஸ்கிரிப்ட் எழுதுபவர் அதைப் பாவிக்க வேண்டும்.

2022 ஏப்ரலில் பாதுகாப்புக் குறைபாடு ஒன்றுக்காகக் கிட் 2.35.2 வந்தது. வேறொருவருக்குச் சொந்தமான அடைவில் இருக்கும் ரெப்போவைத் திறக்க மறுத்தது. முதலில் வந்த செய்தி ரெப்போவே பாதுகாப்பற்றது என்று சொன்னது. அதே ஆண்டில் அதை, ரெப்போவின் உரிமை சந்தேகத்துக்குரியது என்ற பொருளில் மாற்றினார்கள். எது சிக்கல் என்பதைப் புதிய செய்தி சரியாகச் சொல்கிறது: அடைவு யாருடையது என்பதுதான் கேள்வி. பழைய வரியை நம்பியிருந்த கருவிகள் திருந்த வேண்டியிருந்தது. ஆனாலும் அது செய்ய வேண்டிய மாற்றம்.

செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கிட்டின் கோடிங் கைட்லைன்ஸ் கோப்பில் சிறு பகுதி உண்டு. ஒற்றை வசனம் என்றால் முற்றுப்புள்ளி வேண்டாம். வசனத்தின் முதற்சொல் என்பதற்காக ஆங்கிலப் பெரிய எழுத்து வேண்டாம். என்ன பிழை என்பதை முதலில் சொல்லு, பிறகு எந்தக் கோப்பு என்று சொல்லு, அந்தப் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் போடு. இவ்வளவுதான். ரிவியூவில் இதை வைத்துக்கொண்டு வாதாட வேண்டிய தேவை அநேகமாக வராது.

வாதாட வேண்டிய இடம் வேறு. சி நிரலில் எரர் என்று அழைத்த இடத்தை டை என்று மாற்றிவிட்டு "செய்தியைச் சீராக்கினேன்" என்று எழுதியிருப்பார்கள். திரையில் தெரியும் வித்தியாசம் முன்னொட்டு மட்டும், எரர் என்பது ஃபேட்டல் ஆகியிருக்கும். ஆனால் டை அங்கேயே நிரலை முடித்து 128ஓடு வெளியேறும். எரர் வெறுமனே மைனஸ் ஒன்றைத் திருப்பும், அதன் பிறகு ஓட வேண்டிய துப்புரவு வேலைகள் ஓடும். டெஸ்டில் வெளியேறும் எண் 1 இருந்த இடத்தில் 128 என்று மாறியிருந்தால் நின்று கேளுங்கள். அது செய்தி மாற்றமே அல்ல.

மொழிபெயர்ப்பும் உண்டு. 2012 தொடக்கத்தில் வந்த 1.7.9இலிருந்து கிட்டின் செய்திகள் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவி வழியாகப் போகின்றன. மூல வசனத்தில் ஒரு புள்ளியை எடுத்தாலும் எல்லா மொழிக்காரரும் அந்த வரியை மறுபடி பார்க்க வேண்டும். சும்மா அழகுக்காக மாற்றுவதை ரிவியூவில் தடுக்க இதுவும் ஒரு காரணம். ஸ்கிரிப்டுகள் வாசிக்கும் வரிகளை யாரும் தவறி மொழிபெயர்ப்புக்குக் குறித்துவிட்டால் கண்டுபிடிக்க, மொழிபெயர்க்கும் வசனங்களை வேண்டுமென்றே குப்பையாக்கி டெஸ்டை ஓட்டுகிற பாய்சன் முறைகூட ஒரு காலத்தில் இருந்தது. அதற்காக டெஸ்டுகளில் எல்லாம் தனி கிரெப் பாவிக்க வேண்டியிருந்ததால், சுமைக்கு ஏற்ற பயன் இல்லை என்று 2021இல் எடுத்துவிட்டார்கள்.

செம்பாட்டுமண்:

பிறர் வரியை முழுசாக ஒப்பிடுவது பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் சொந்த வரிகளில் முழு ஒப்பீடுதான் என்பதில் மாறவில்லை.

வடலிக்குக் கைக்கு உதவும் சில: டிஃப்பை வேர்ட்-டிஃப் தெரிவோடு பாருங்கள், நீண்ட வசனத்தில் எந்தச் சொல் மாறியது என்று உடனே தெரியும். பழைய செய்தியின் ஒரு துண்டைக் கொடுத்துக் கிட் கிரெப் ஓட்டுங்கள், ஆவணத்திலோ வேறு ஸ்கிரிப்டிலோ அது இன்னும் இருக்கிறதா என்று தெரியும். கிட் லாகில் பெரிய எஸ் தெரிவோடு அதே துண்டைக் கொடுத்தால் அந்தச் செய்தி எந்தக் கமிட்டில் வந்தது, அப்போது ஏன் அப்படி எழுதினார்கள் என்று வரும். பேட்ச் திருத்தி மறுபடி வந்தால் ரேஞ்ச்-டிஃப் பாவியுங்கள், 2.19இலிருந்து இருக்கிறது. இரண்டு பதிப்புப் பேட்சுகளுக்கும் என்ன வித்தியாசம் என்பதை மட்டும் காட்டும்.

பேட்சில் டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_சக்சஸ் எங்கேயாவது டெஸ்ட்_எக்ஸ்பெக்ட்_ஃபெயிலியர் ஆகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். "இது உடைந்திருப்பது தெரியும்" என்று குறிக்கிற சொல் அது. செய்தி மாற்றுகிற பேட்சில் அதற்கு வேலையே இல்லை.

ஆடிக்கூழ்:

ஃபெட்ச்சில் காரணத்தைப் பிரிக்க முடியாது என்றீர்கள். ரிமோட்டில் இருக்கும் பிராஞ்சுகளைப் பட்டியலிடும் எல்எஸ்-ரிமோட் இருக்கிறதே. அதற்கு எக்சிட்-கோட் என்ற தெரிவைக் கொடுத்தால், ரிமோட்டை எட்டி, கேட்டது அங்கே இல்லாவிட்டால் 2 திருப்பும். இருந்தால் 0. எட்டவே முடியாவிட்டால் வழக்கம்போல 128. நாங்கள் கண்காணிப்பு ஸ்கிரிப்டுகளில் இதைத்தான் பாவிக்கிறோம்.

கிடுகுவேலி:

அருமை அண்ணை, இதுதான் வேண்டியது. ஒன்று மட்டும் கவனம்: எல்எஸ்-ரிமோட்டுக்குக் கொடுக்கும் பெயர் வால் பகுதியில் பொருந்தினாலும் போதும். "வெளியீடு-2" என்று மட்டும் கொடுத்தால் "பழைய/வெளியீடு-2" என்ற பிராஞ்சும், அதே பெயரில் ஒரு டேக் இருந்தால் அதுவும் பொருந்திவிடும். ரெஃப்ஸ்/ஹெட்ஸ் என்று தொடங்கும் முழுப் பெயரைக் கொடுங்கள்.

செம்பாட்டுமண்:

எல்எஸ்-ரிமோட்டுக்கும் ஃபெட்ச்சுக்கும் இடையில் லைன் போகலாம், யாராவது பிராஞ்சை அழிக்கலாம். அதனால் ஃபெட்ச் விழுந்தால் காரணம் சொல்லாத பழைய செய்தியே வர வேண்டும். அதற்கும் டெஸ்ட் வேண்டும்.

வடலி:

எல்லோருக்கும் நன்றி. ரிவியூவில் இப்படி எழுதினேன், எழுதியவர் நல்லபடியாக எடுத்துக்கொண்டார்:

"செய்தி நன்றாக இருக்கிறது, வைத்துக்கொள்வோம். ஆனால் ரிமோட்டின் பாதையைக் கெடுத்து ஓட்டியபோதும் இதே செய்திதான் வந்தது, டெஸ்டும் தேறியது. பேட்சை இரண்டாகப் பிரிப்போமா? முதலாவதில் எல்எஸ்-ரிமோட் வைத்துக் காரணத்தைப் பிரிப்பது, அதற்கான டெஸ்டுகளோடு. இரண்டாவதில் செய்தியின் வசனமும் அதைத் தேடும் டெஸ்ட் வரிகளும் மட்டும். டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயிலை எடுத்ததற்கு ஏதாவது காரணம் உண்டா?"

கடைசிக் கேள்விக்குப் பதில் சுவாரசியமானது. கட்டளையை எங்கள் சொந்த ஷெல் செயல்கூறு ஒன்றுக்குள் சுற்றியிருந்ததால், டெஸ்ட்_மஸ்ட்_ஃபெயில் அங்கே கூடாது என்று எங்கேயோ வாசித்திருக்கிறார். கிட் அல்லாதவற்றுக்கு வேண்டாம் என்று ரீட்மீ சொல்வதை அப்படி எடுத்திருக்கிறார். எங்கள் கருவியே சோதிக்கப்படும் பொருள் என்பதால் இங்கே அது வேண்டும் என்று பேசி முடித்தோம்.

திருத்திய பேட்ச் வந்துவிட்டது. இப்போது இல்லாத பிராஞ்சுக்கு ஒரு டெஸ்ட், எட்டாத ரிமோட்டுக்கு ஒரு டெஸ்ட். எட்டாத டெஸ்டில் "தொலைவு ரெப்போவில் இல்லை" என்ற வரி வரவே கூடாது என்றும் ஒரு கிரெப் இருக்கிறது. அதை அவரே சேர்த்திருந்தார். இரண்டையும் பழைய நிரலில் ஓட்டினேன், இரண்டும் விழுந்தன. செம்பாட்டுமண் சொன்ன இடைநடுவில் விழும் ஃபெட்ச்சுக்கான டெஸ்டை எப்படி எழுதுவது என்று இன்னும் யோசிக்கிறோம்.

ஆடிக்கூழ்:

டெஸ்டின் பாத் மாறியில் (ஷெல் கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) முதலாவதாக ஓர் அடைவைச் சேர்த்து, அதில் கிட் என்ற பெயரில் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்றை வையுங்கள். ஃபெட்ச் என்று கேட்டால் 128 திருப்பட்டும், மற்றதையெல்லாம் உண்மையான கிட்டுக்கு அனுப்பட்டும். உண்மையான கிட்டின் முழுப் பாதையை ஸ்கிரிப்டுக்குள் எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன்னையே அழைத்துக்கொண்டு நிற்கும்.

வடலி:

வேலை செய்கிறது அண்ணா. பேட்சைச் சேர்த்துவிட்டோம்.